சரக்கு விளையும் இடத்துக்கே போன மளிகைக்காரர்: தாமஸ் லிப்டன்

டீக்கடைப் பலகையிலும் மளிகைக்கடை அலமாரியிலும் லிப்டன் என்ற பெயரைப் பார்க்காதவர்கள் குறைவு. அது ஒரு மனிதரின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது. நிலத்தை விட்டுப் பிழைக்கப் போன ஒரு சிறு விவசாயக் குடும்பத்தில் பிறந்து, தள்ளுவண்டி தள்ளி, கூலி வேலை பார்த்து, கடைசியில் உலகமெங்கும் தேயிலை விற்றவர் சர் தாமஸ் லிப்டன். அவர் இறந்து 90 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

சரக்கு எங்கே விளைகிறதோ அங்கே நேரில் போய்ப் பார்த்து வாங்கியதுதான் அவருடைய தொழில் ரகசியம். இன்று நல்ல காபிக்கொட்டை தேடுகிறவர்கள் சிறு தோட்டங்களுக்கும் பழம் அரைக்கும் ஆலைகளுக்கும் நேரில் போகிறார்கள். அதே வழியில் 140 ஆண்டுகளுக்கு முன்பே நடந்தவர் லிப்டன். செட்டிகுளம், ஆலத்தூர் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிற விவசாயிகளுக்கு இவர் வாழ்க்கையில் ஒரு பாடமும் இருக்கிறது, ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது.

உருளைக்கிழங்கு நோய் விரட்டிய குடும்பம்

லிப்டனின் பெற்றோர் அயர்லாந்து நாட்டின் ஃபெர்மானா பகுதியைச் சேர்ந்த சிறு விவசாயிகள். அயர்லாந்தின் ஏழைகளுக்கு அப்போது உருளைக்கிழங்குதான் சோறு. 1845-ல் அந்தப் பயிரில் பின்பருவ இலைக்கருகல் நோய் விழுந்தது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் உருளை போடுகிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த அதே நோய்தான். இலை கருகி, கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிப்போனது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் நோய் திரும்பி வந்தது. ஒரே பயிரை நம்பியிருந்த நாட்டில் சுமார் 10 லட்சம் பேர் பஞ்சத்தில் இறந்தார்கள். அதே அளவு மக்கள் ஊரை விட்டுக் கப்பல் ஏறினார்கள்.

லிப்டன் குடும்பமும் அப்படித்தான் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக்குப் போனது. அங்கே ஏழைகள் நெருக்கி வாழ்ந்த கோர்பல்ஸ் பகுதியில் 1848-ல் தாமஸ் பிறந்தார். தந்தை கிடைத்த வேலைகளைப் பார்த்தார். பிறகு குடும்பமே சேர்ந்து வெண்ணெய், முட்டை, பன்றி இறைச்சி விற்கும் ஒரு சிறு கடையைத் திறந்தது.

அந்தக் கடைக்கு வேண்டிய சரக்கு, அயர்லாந்தில் இருந்த ஒரு பழைய அறிமுகக்காரரிடமிருந்து கப்பலில் நேராக வந்தது. துறைமுகத்துக்குப் போய் அதை வண்டியில் ஏற்றிக் கொண்டுவருவது சிறுவன் தாமஸின் வேலை. நடுவில் மொத்த வியாபாரி கிடையாது. சரக்கும் புதியது, விலையும் மலிவு. பிற்காலத்தில் அவர் செய்த பெரிய வியாபாரத்துக்கெல்லாம் அடித்தளம் அந்தச் சிறு கடைதான்.

அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். முட்டையை அப்பா எடுத்துக் கொடுக்க வேண்டாம், அம்மாவே கொடுக்கட்டும் என்று சிறுவன் யோசனை சொன்னானாம். அம்மாவின் கை சிறியது, அதில் முட்டை பெரிதாகத் தெரியும் என்பது அவன் கணக்கு. சரக்கை எப்படிக் காட்டுவது என்ற புத்தி அந்த வயதிலேயே இருந்திருக்கிறது.

கூலி வேலையில் கற்ற பாடம்

பள்ளிப் படிப்பு சீக்கிரமே நின்றுபோனது. அச்சகத்தில் எடுபிடி, சட்டைத் துணிக் கடையில் வேலை, கிளாஸ்கோவுக்கும் பெல்ஃபாஸ்டுக்கும் இடையே ஓடிய கப்பலில் சிற்றாள் என்று பல வேலைகள் பார்த்தார். கப்பலில் வந்துபோனவர்கள் சொன்ன அமெரிக்கக் கதைகளைக் கேட்டு, சேர்த்து வைத்த காசில் பயணச்சீட்டு வாங்கி, இருபது வயது நிரம்பும் முன்பே அமெரிக்கா போனார்.

அங்கே வர்ஜீனியாவில் புகையிலைத் தோட்டத்தில் வேலை செய்தார். தென் கரோலினாவில் ஒரு நெல் பண்ணையில் கணக்கு எழுதினார். கடைசியாக நியூயார்க்கில் ஒரு பெரிய மளிகைக் கடையில் சேர்ந்தார். சரக்கை அடுக்கி வைக்கும் நேர்த்தி, வெளிச்சமான கடை, விலையைத் தெளிவாக எழுதி வைப்பது, வாடிக்கையாளரை மரியாதையாக நடத்துவது எல்லாவற்றையும் அங்கேதான் கற்றார். வயலில் விளைவதையும் கடையில் விற்பதையும் ஒரே ஆள் பார்த்துவிட்டதால், இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு காசு கைமாறுகிறது என்பது அவருக்குப் புரிந்தது.

சொந்தக் கடை

ஊர் திரும்பி, 1871-ல் கிளாஸ்கோவின் ஸ்டாப்கிராஸ் தெருவில் சொந்தக் கடை போட்டார். பெற்றோர் கடையில் பார்த்ததையே பெரிய அளவில் செய்தார். அயர்லாந்தின் சந்தைகளுக்குத் தானே போய், வெண்ணெயும் முட்டையும் இறைச்சியும் விவசாயிகளிடம் நேராக வாங்கினார். சரக்கைக் கையில் எடுத்துப் பார்த்துப் பேசி வாங்குவார். மொத்த வியாபாரிக்குப் போகும் பங்கு மிச்சமானதால், மற்றக் கடைகளை விடக் குறைந்த விலைக்கு விற்க முடிந்தது.

விளம்பரத்திலும் அவருக்கு நிகர் இல்லை. கொழுத்த பன்றிகளைத் தெருவில் ஊர்வலமாக ஓட்டி வருவார். 1881 கிறிஸ்துமஸ் சமயத்தில் அமெரிக்காவிலிருந்து மிகப்பெரிய பாலாடைக்கட்டி ஒன்றை வரவழைத்து, அதற்குள் தங்கக் காசுகளைப் புதைத்து வைத்து வெட்டி விற்றார். கூட்டம் அலைமோதியது. 1880-களின் இறுதியில் அவருடைய கடைகள் பிரிட்டன் முழுவதும் சுமார் 300 ஆகப் பெருகியிருந்தன.

இவ்வளவு செய்தும் அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைசிவரை தாய்க்குத்தான் முதல் இடம். 1889-ல் தாயும் 1890-ல் தந்தையும் அடுத்தடுத்து இறந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் அவர் பார்வை தேயிலைப் பக்கம் திரும்பியது.

இலங்கையில் காபி அழிந்த கதை

இந்த இடத்தில் இலங்கையின் கதையைச் சொல்ல வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் இலங்கை மலைநாடு முழுக்கக் காபித் தோட்டம். காபிப் பழம் பறிக்கும் பருவத்தில் தமிழ்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கானோர் போய் வேலை செய்து திரும்புவார்கள். திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம், தஞ்சாவூர் பகுதிகளிலிருந்து போனவர்கள் அதிகம். இன்றைய பெரம்பலூர் மாவட்டம் அப்போது திருச்சி மாவட்டத்தில்தான் இருந்தது.

1869-ல் அங்கே காபிச் செடியின் இலைக்கு அடியில் ஆரஞ்சு நிறப் பொடி காணப்பட்டது. அதுதான் காபி இலைத்துரு நோய். இலை உதிர்ந்து, காய்ப்பு குறைந்து, செடி நாளுக்கு நாள் மெலிந்தது. முதலில் தோட்டக்காரர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காபிக்கு நல்ல விலை இருந்ததால் புதிய காடுகளை வெட்டி மேலும் மேலும் நட்டார்கள். மலை முழுக்க ஒரே பயிர் என்பதால் நோய்க்குத் தடையே இல்லாமல் போனது. 1880-ல் மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானியை வரவழைத்தார்கள். இது பூஞ்சாண நோய், காற்றில் பரவுகிறது என்று அவர் கண்டறிந்து சொன்னார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1880-களில் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திவாலாகின. கடன் கொடுத்த வங்கியும் மூழ்கியது.

இதற்கு முன்பே, 1867-ல், ஜேம்ஸ் டெய்லர் என்பவர் கண்டி அருகே லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டுப் பார்த்திருந்தார். காபி போன இடத்தில் அவர் காட்டிய தேயிலை வேர்பிடித்தது.

1890: தோட்டத்துக்கே போன வியாபாரி

அப்போது பிரிட்டனில் நல்ல தேயிலை ஒரு பவுண்டு, அதாவது சுமார் 454 கிராம், ஏறக்குறைய 3 ஷில்லிங் விற்றது. தோட்டக்காரர், ஏற்றுமதியாளர், லண்டன் ஏலக்காரர், தரகர், மொத்த வியாபாரி என்று பல கை மாறித்தான் கடைக்கு வரும். சாதாரணக் கூலிக்காரர் வாங்கிக் குடிக்க முடியாத விலை. லிப்டன் கடைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அப்படிப்பட்ட கூலிக்காரர்கள்தான்.

முட்டையிலும் வெண்ணெயிலும் செய்ததையே தேயிலையிலும் செய்யலாம் என்று அவர் கணக்குப் போட்டார். 1890-ல் ஆஸ்திரேலியாவுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கப்பல் ஏறி, வழியில் இலங்கையில் இறங்கினார். முன்கூட்டியே தெரிந்தால் போட்டிக்காரர்கள் விலையை ஏற்றிவிடுவார்கள் என்பது காரணம். மலைநாட்டில் தோட்டம் தோட்டமாகப் போய் மண், செடி, தொழிற்சாலை எல்லாவற்றையும் நேரில் பார்த்தார். காபி நோயால் நிலத்தின் விலை அடிமட்டத்தில் கிடந்தது. ஹப்புத்தளை பக்கம் தம்பேதன்னை உள்ளிட்ட தோட்டங்களை வாங்கினார்.

அவருடைய பெற்றோரை நிலத்தை விட்டு விரட்டியது ஒரு பயிர் நோய். அவருக்கு மலிவாக நிலம் கிடைக்க வைத்தது இன்னொரு பயிர் நோய். ஒரே பயிரை நம்பி உட்கார்ந்தவர்கள் இரண்டு இடத்திலும் தோற்றார்கள்.

கொழுந்து பறித்த சில மணி நேரத்துக்குள் தொழிற்சாலைக்குப் போய்ச் சேராவிட்டால் தேயிலையின் தரம் கெட்டுவிடும். செங்குத்தான மலையில் கூடையைச் சுமந்து இறங்க நேரம் பிடிக்கும். அதனால் மலை உச்சியிலிருந்து தொழிற்சாலைவரை கம்பிவடம் கட்டி, கொழுந்து மூட்டையை அதில் இறக்க ஏற்பாடு செய்தார். அவர் உட்கார்ந்து தோட்டத்தைப் பார்த்த மலைமுகடு இன்றும் லிப்டன் சீட் என்ற பெயரில் இருக்கிறது.

ஒரே எடை, ஒரே தரம்

அந்தக் காலத்துக் கடைகளில் தேயிலையைப் பெரிய மரப்பெட்டியிலிருந்து அள்ளி எடை போட்டுத்தான் கொடுப்பார்கள். எடையில் குறை இருக்கும், தூசி கலக்கும், ஈரம் ஏறும். லிப்டன் ஒரு பவுண்டு, அரைப் பவுண்டு, கால் பவுண்டு என்று பொட்டலம் கட்டி, மேலே எடையை அச்சிட்டு விற்றார். விலை 1 ஷில்லிங் 7 பென்ஸ். வழக்கமான விலையில் ஏறக்குறைய பாதி. எந்த ஊர்க் கடையில் வாங்கினாலும் அதே எடை, அதே ருசி.

ருசி ஒன்றாக இருக்க இன்னொரு வேலையும் செய்தார். ஊருக்கு ஊர் தண்ணீர் மாறும், ஒரே தூள் எல்லாத் தண்ணீரிலும் ஒரே மாதிரி இறங்காது. ஆகவே ஊர் ஊராகத் தண்ணீர் மாதிரி வரவழைத்து, அதற்கு ஏற்பத் தேயிலையைக் கலந்து அனுப்பினார். அவர் பெயருக்கு மதிப்பு வந்தது இப்படிப்பட்ட உழைப்பால்தான்.

கூடை சுமந்தவர்கள்

இனி இந்தக் கதையின் மறுபக்கம். லிப்டன் விளம்பரங்களில் கூடையோடு நிற்கும் தமிழ்ப் பெண்ணின் படம் இருக்கும். அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. படத்தில் இருந்தவர்களின் நிலைமை மாறவில்லை.

காபி அறுவடைக்காலப் பயிர், தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். அதனால் பருவத்துக்குப் போய்த் திரும்பிய நம் மக்கள், குடும்பத்தோடு தோட்டத்து லயன் வீடுகளிலேயே தங்கிவிட்டார்கள். வழிச்செலவுக்குக் கங்காணியிடம் வாங்கிய முன்பணம் தலைமேல் கடனாக நின்றது. கூலி குறைவு, வீடு ஒரே அறை. நிலம் கிடையாது, விலை பேசும் உரிமையும் கிடையாது. 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால் பல லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964-ல் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவு செய்தது. மூன்று நான்கு தலைமுறை அந்த மண்ணில் உழைத்தவர்கள் ஒரு தகரப்பெட்டியோடு திரும்பி வந்தார்கள். இது லிப்டன் ஒருவர் செய்ததல்ல, அந்தத் தோட்டத் தொழிலே அப்படித்தான் நடந்தது. அவரும் அதில் ஒருவர்.

அயர்லாந்து விவசாயியையும் இலங்கைத் தொழிலாளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் இடைத்தரகரை லிப்டன் ஒதுக்கினார். அயர்லாந்தில் வெண்ணெயும் முட்டையும் விவசாயியின் கையில் இருந்தன. விலை கட்டாவிட்டால் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல அவரால் முடிந்தது. இலங்கையில் நிலமும் சரக்கும் வாங்குகிறவர் கைக்கே போய்விட்டன. தரகர் பங்கில் மிச்சமானதைக் குறைந்த விலைக்கு வாங்கியவரும் லிப்டனும் பகிர்ந்துகொண்டார்கள். பறித்தவருக்குக் கூலி மட்டும்தான். வாங்குகிறவர் தோட்டத்துக்கே வருவது நல்லதா கெட்டதா என்பது, அவர் வரும்போது நிலமும் சரக்கும் யார் கையில் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது.

கடைசிக் காலம்

1897-ல் ராணி விக்டோரியாவின் வைரவிழாவில் லண்டன் ஏழைகளுக்குச் சாப்பாடு போட 25,000 பவுண்டு நன்கொடை கொடுத்தார். 1898-ல் சர் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டு அவருடைய வியாபாரம் பங்கு நிறுவனமாக மாறியது. அமெரிக்காவோடு நடக்கும் புகழ்பெற்ற பாய்மரப் படகுப் போட்டியில் 1899 முதல் 1930 வரை 5 முறை கலந்துகொண்டு 5 முறையும் தோற்றார். சிரித்த முகத்தோடு தோற்றதாலேயே அமெரிக்க மக்களுக்கு அவரைப் பிடித்துப்போனது. தேயிலை விற்பனைக்கும் அது உதவியது. 1931 அக்டோபர் 2-ம் தேதி லண்டனில் காலமானார். சொத்தின் பெரும்பகுதியைப் பிறந்த ஊரான கிளாஸ்கோவின் ஏழைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் எழுதி வைத்திருந்தார்.

இன்றைய காபித் தோட்டங்களில்

ஏற்காடு, கொல்லிமலை போன்ற இடங்களில் சிறு விவசாயிகள் மிளகோடும் பலாவோடும் காபி வளர்க்கிறார்கள். நல்ல கொட்டை தேடி வருகிற வியாபாரிகள் அங்கே மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள். செங்காயும் பச்சையும் கலக்காமல் நன்றாகப் பழுத்த பழம் மட்டும் பறித்ததா, பறித்த அன்றே தோல் நீக்கினார்களா, களத்தில் கொட்டையை ஈரப்பதம் 10, 11 சதவீதம் வரும்வரை சீராகக் காயவைத்தார்களா. இந்த மூன்றும் விவசாயியின் கையில் இருப்பவை. கலந்து பறித்து மூட்டை கட்டினால் சந்தை விலைதான், பிரித்துக் காயவைத்தால் பேசி வாங்கும் விலை.

செட்டிகுளம் விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

1. தரம் பிரித்து விற்க வேண்டும். திரட்சியான காயும் பொடிக்காயும் ஒரே மூட்டையில் போனால், மொத்த மூட்டைக்கும் பொடிக்காய் விலையைத்தான் சொல்வார்கள். பிரிக்கும் வேலையை மண்டியில் செய்தால் அதன் லாபமும் மண்டிக்கே போகும்.

2. வெங்காயத்தைப் பதப்படுத்த வேண்டும். அறுவடைக்குச் சுமார் 10 நாள் முன்பே தண்ணீரை நிறுத்தி, தாள் சாய்ந்த பிறகு பிடுங்கி, நிழலில் உலர்த்தி, 2 செ.மீ. அளவு கழுத்து விட்டுத் தாளை அறுத்தால் பட்டறையில் நிற்கும். பட்டறையில் நிற்கிற சரக்குதான் விலை பேசும் பலம்.

3. வாங்குகிறவரை வயலுக்கும் பட்டறைக்கும் அழைத்துக் காட்ட வேண்டும். எந்த மாதம் நட்டது, என்ன உரம், எப்போது மருந்து அடித்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால், நேரில் வருகிறவருக்கு நம்பிக்கை வரும்.

4. எடையும் பெயரும் நம்முடையதாக இருக்க வேண்டும். தனி ஆளாக முடியாததை உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்து செய்யலாம். ஒரே அளவுக் காய், குறையாத எடை, செட்டிகுளம் என்ற பெயர் போட்ட பை. பெயர் போட்ட பிறகு ஒரு முறை கலப்படம் செய்தாலும் எல்லோருடைய பெயரும் கெடும்.

5. முன்பணம் வாங்கும்போது யோசிக்க வேண்டும். விதை, உரத்துக்கு என்று வியாபாரியிடம் வாங்கிய பணம், அறுவடை நாளில் விலை பேசும் வாயை அடைத்துவிடும். கங்காணியிடம் வாங்கிய முன்பணத்தின் கதையும் அதுதான்.

6. ஒரே பயிரை நம்பக் கூடாது. திருகல் நோயும் கோழிக்கால் நோயும் வெங்காயத்தில் என்ன செய்யும் என்பது இந்தப் பகுதிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெங்காயம் எடுத்த நிலத்தில் அடுத்த பட்டத்துக்கு மக்காச்சோளம் அல்லது பயறு வகை என்று மாற்றிப் போடுவது நோயையும் குறைக்கும், ஒரே விலையை நம்பி நிற்கும் ஆபத்தையும் குறைக்கும்.

7. நிலத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது. நல்ல விலைக்கு நேராக வாங்குகிறவர் யாராக இருந்தாலும் வரவேற்கலாம். சரக்குக்கு ஒப்பந்தம் போடலாம். நிலத்தின் மேல் உரிமை தரும் எந்தத் தாளிலும், படித்துப் புரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போட வேண்டாம்.